மூளைப் பதிவில் ஒன்றும் இல்லை, ஆனால் வலிப்பு வருகிறது: அப்படியென்றால் நடிப்பா?

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன்.

வலிப்பு வந்து விழுந்தவரின் கையில் திறப்பைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. திறப்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் கிடையாது. அந்தப் பதற்றத்தில் நாம் பார்க்கத் தவறுவது அவருடைய கண்களை. காக்காய் வலிப்பின்போது கண்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். மூளையில் வலிப்புக்குரிய மின்கிளர்ச்சி இல்லாமலே வரும் மனம் சார்ந்த வலிப்பில் பெரும்பாலும் மூடியிருக்கும். இன்று பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

(திரையில்: மூளையின் மின் அலைப் பதிவு, EEG)

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் சார்கோ இந்த வலிப்பை 'ஹிஸ்டீரியா' என்ற பெயரில் ஆராய்ந்தார். இன்று, வலிப்பு நிகழும்போதே காணொளியையும் மூளையின் மின் அலைகளையும் ஒருசேரப் பதிந்து, வலிப்புக்குரிய மின்கிளர்ச்சி இல்லை என்று உறுதிசெய்கிறார்கள்.

இல்லை என்றதும் "நடிக்கிறாள்" என்கிறோம். அந்தச் சொல்லை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்த அசைவுகள் அவர் விரும்பி வரவழைப்பவை அல்ல.

இந்த வலிப்பு உள்ளவர்களுடைய ஆளுமையை அளந்த ஆய்வுகளும் எல்லோருக்கும் பொதுவான ஒரு குணத்தைக் காட்டவில்லை. சிலரிடம் உணர்ச்சி கட்டுக்கடங்காமல் பொங்குகிறது. வேறு சிலரோ, வீட்டில் எல்லோருடைய பாரத்தையும் சுமந்து, கோபமே வராதவர் என்று பெயரெடுத்து, எதைக் கேட்டாலும் "எனக்கொண்டுமில்ல" என்று சொல்லி எழுந்துபோகிறவர்கள். என்னை மிகவும் பாதித்தது இவர்களைப் பற்றிய பகுதிதான். தன் உணர்வு இன்னதென்று பிரித்தறிந்து சொல்ல இயலாத நிலைக்கு, 1970களில் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 'அலெக்ஸிதைமியா' என்று பெயரிட்டார். உணர்வுக்குச் சொல் இல்லாமை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். நம் தமிழோ துயரத்தை உடம்பைக் கொண்டே சொல்லும் மொழி: நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட இந்தக் கரையில், அந்தச் சொற்களைக் கூட யாரிடமும் சொல்லாமல் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது எனக்குத் தொண்டை கட்டுகிறது. ஆனாலும் இந்த வலிப்பு உள்ள எல்லோருக்கும் பழைய அதிர்ச்சி இருந்தாக வேண்டும் என்பதில்லை.

வலிப்புக் குளிசை இதை நிறுத்தாது. உளச்சிகிச்சையே முதன்மையான வழி. எனினும் சிலருக்கு இரண்டு வகை வலிப்பும் சேர்ந்திருப்பதால், வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், முதலில் அடிபடாமல் காத்து, வாயில் எதையும் வைக்காமல், பிறகு அருகிலிருக்கும் வேறொருவரைத் தொலைபேசியில் முகம் தெரியும்படி பதிவுசெய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவை வைத்தியருக்கு மட்டும் காட்டுங்கள்; கண்கள் திறந்திருந்தனவா, எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவர் கேட்கும்போது உங்கள் நினைவை மட்டும் நம்ப வேண்டியிராது.