வடிவு

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று வானொலி நிலையத்துக்குப் புறப்படும்போது மனைவி வாசல் படலையடியில் நின்று, "வடிவாக் கதைச்சுப்போட்டு வாங்கோ" என்றார். அழகாகப் பேசச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தடுமாறாமல், சொல்ல வந்ததை விட்டுவிடாமல், கேட்கிறவருக்கு விளங்கும்படி பேசு என்பதுதான் அதன் பொருள்.

அழகு என்று எழுதுவோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது வடிவு. சேலை வடிவு, பிள்ளை வடிவு. அதே சொல்லைத்தான் "வடிவாச் சாப்பிடுங்கோ", "கோப்பையை வடிவாக் கழுவு", "எனக்கு வடிவாத் தெரியாது" என்றும் சொல்கிறோம். வயிறு நிறைவதும், அழுக்குப் போவதும், ஒன்றைச் சந்தேகமில்லாமல் அறிந்திருப்பதும் நமக்கு ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

நான் சித்திரம் படிப்பித்த வாத்தியார். நேரசூசியில் அதை அழகியல் பாடம் என்று போட்டிருப்பார்கள். பரீட்சை நெருங்கினால் கணக்குக்கு முதலில் பறிபோவதும் அந்தப் பாடவேளைதான். அந்தக் கோபம் இருக்கட்டும். எனக்கு வடிவைப் படிப்பித்தது அம்மம்மாவின் நீத்துப்பெட்டி.

இளையவர்கள் சிலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பனை ஓலையில் கூம்பாக இழைத்த பெட்டி. பிட்டு மாவை அதில் நிரப்பி, தண்ணீர் கொதிக்கும் பானையின் வாயில் கூர் கீழே இருக்க வைப்பார்கள். இழை நெருங்கிவிட்டால் ஆவி மேலே வராது, பிட்டு வேகாது. இழை விலகிவிட்டால் மா பானைக்குள் கொட்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அதை அளக்க அடிமட்டம் கிடையாது, விரல்தான். அம்மம்மா குருத்தோலையைக் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து இழைப்பார். இழைத்ததை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஊசிமுனை போல வெளிச்சப் புள்ளிகள் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒருநாள் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட பெட்டியில் நாலு வரியைப் பிரித்துவிட்டார். "ஏன் அம்மம்மா, வடிவாத்தானே இருக்கு?" என்றேன். "வடிவில்லையடா. மா கொட்டுண்டும்" என்றார்.

இதையே பெரிய மொழியில் சொன்ன ஒருவர் உண்டு. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்கு வருமுன் அவர் மண்ணியல் படித்தவர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்காகக் கிராமம் கிராமமாகப் போனவர். கல்லைத் தேடிப் போனவரின் கண் கைவினைஞர்களின் கைகளில் நின்றுவிட்டது. பின்னாளில் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டே, அழகையும் பயனையும் பிரித்து அழகை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது சரியில்லை என்று வாதாடினார். அம்மம்மாவுக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருந்தால், இதற்கு ஏன் இவ்வளவு எழுத்து என்று கேட்டிருப்பார்.

எங்கள் வளவுகளையும் பாருங்கள். சங்கடப்படலை என்று ஒன்று இருந்தது. படலைக்கு மேலே ஓலைக்கூரை, சில வீடுகளில் பக்கத்தில் ஒரு குந்தும் இருக்கும். மழைக்கு ஒதுங்குகிறவர் வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. வீட்டின் முகமே வழிப்போக்கருக்கும் நிழலாக இருந்தது. பருத்தித்துறையில் தெருவுக்குக் குறுக்கே கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடம் அதே எண்ணத்தின் பெரிய உருவம். இன்றைய கேற்றுகளில் மயில் இருக்கிறது, தாமரை இருக்கிறது, ஒதுங்க இடம் இல்லை.

சரி, நானும் மதில் கட்டியவன்தான். ஓலை வேலியை அடிக்கடி பிரித்து அடைக்க வேண்டும், கறையான் தின்னும், கூலி கூடிவிட்டது. அதைப் பொன்னாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிரித்த ஓலை தோட்டத்துக்குப் பசளையானது. வேலியில் ஒரு பொட்டும், அதாவது சின்னத் திறப்பும், இருந்தது. அதுக்குள்ளால் அடுத்த வீட்டுக்குக் கறிக்கிண்ணம் போய்வரும். மதிலுக்குப் பொட்டு வைக்க மேசனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கனடாவில் இருக்கும் என் மருமகன் போன தடவை வந்தபோது ஒரு நீத்துப்பெட்டி வாங்கிப் போனான். சிவப்பும் பச்சையும் சாயமிட்டது. விருந்தினர் அறைச் சுவரில் மாட்டிப் படம் அனுப்பினான். உண்மையில் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிட்டு ஆசை வந்துவிட்டது. ஆணியிலிருந்து கழற்றி, மா நிரப்பி, பானையில் வைத்திருக்கிறான். இரவே எனக்கு அழைப்பு எடுத்தான்.

"மாமா, பிட்டு இளஞ்சிவப்பாய் வந்தது. பாதி மா தண்ணிக்குள்ளை."

வணக்கம்.