திறந்திருக்கும் வாசலைக் காத்தல்

நேயர்களுக்கு வணக்கம். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர்கள் உருவாக்கி, 2006-ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ என்ற கணினி விளையாட்டில் கோட்டைக் காவலை அமைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏழு குள்ளர்களோடு ஆட்டம் தொடங்கும். அவர்களைக் கொண்டு மலையைக் குடைந்து ஒரு குடியிருப்பை வளர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் வேலையைச் சொல்லலாம், ஆனால் எந்தக் குள்ளரையும் கையைப் பிடித்து நடத்திச் செல்ல முடியாது.

மதில் எழுப்புவது இங்கே பெரிய காரியமே இல்லை, ஏனெனில் குடைந்த மலையின் பாறையே மதிலாக நிற்கிறது. சிக்கலெல்லாம் வாசலில்தான். மரம் வெட்டுவோர் வெளியே போக வேண்டும். புதிதாகக் குடியேறுவோர் உள்ளே வர வேண்டும். வணிகர்களின் வண்டிகள் நுழைய, ஆட்டக்களத்தின் சதுரக் கட்டங்களில் மூன்று கட்ட அகலத்துக்குத் தடையில்லாத பாதை வேண்டும். ஆகவே நாம் காக்க வேண்டியது மூடிய கோட்டையை அன்று, ஆண்டின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும் ஒரு வாசலை.

வாசலுக்குக் கதவு போதாது. ட்ரோல் என்னும் பூதங்கள் கதவை உடைத்துவிடும். தூக்குப்பாலமே நல்லது. கிடக்கும்போது அது வழியாகவும் தூக்கியபின் சுவராகவும் நிற்கும். அதைத் தூக்க ஒரு நெம்புகோல் வேண்டும், அந்த நெம்புகோலை இழுக்க ஒரு குள்ளர் வேண்டும். நான் தோற்றது இந்த இடத்தில்தான்.

என் தொடக்ககாலக் கோட்டை ஒன்றில், வாசலை இயக்கும் கருவி வாசலருகே இருப்பதுதானே முறை என்று எண்ணி, நெம்புகோலைப் பாலத்தை ஒட்டியே வைத்திருந்தேன். இலையுதிர் காலம், வணிகர்கள் பண்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோப்ளின் என்னும் பகை இனத்தின் படை எல்லையில் தோன்றியதும் ஆட்டம் தானாக நின்று எச்சரித்தது. நெம்புகோலை இழுக்கச் சொன்னேன். அந்த வேலையை ஏற்றவரோ அடியாழச் சுரங்கத்தில் இருந்தார். அவர் ஒவ்வொரு தளமாகப் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே வந்துவிட்டார். நெம்புகோலுக்கு இன்னும் நான்கைந்து கட்டங்களே இருந்தபோது திறந்த வாசல் வழியே பகைவரைக் கண்டார். பகைவர் குறுக்கிட்டதால் பணி கைவிடப்பட்டது என்று ஒரு வரி திரையில் ஓடியது. அவர் திரும்பி ஓடினார். பாலம் கிடந்தபடியே கிடந்தது.

அன்றிலிருந்து என் நெம்புகோல்கள் உணவுக்கூடத்தில்தான் இருக்கின்றன. வேலையில்லாதோர் கூடும் இடம் அது. கூப்பிட்ட குரலுக்கு யாராவது இருப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் பகைவரும் தெரியமாட்டார்கள். இதை மீண்டும் சொல்கிறேன்: நெம்புகோல் இருக்க வேண்டியது ஆட்கள் இருக்கும் இடத்தில், வாசல் இருக்கும் இடத்தில் அன்று. இழுத்த பிறகும் பாலம் உடனே எழுவதில்லை, சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதத்தையும் கணக்கிட்டு, பகைவர் நடந்து வர வேண்டிய தாழ்வாரத்தை நீளமாக, வளைத்து வளைத்து வெட்டுகிறேன். அதன் பக்கச் சுவர்களில் அம்பு எய்யும் இடுக்குகளைச் செதுக்கி, பின்னால் வில்லாளரை நிறுத்துவேன். பழந்தமிழில் ஞாயில் என்பார்களே, ஏறக்குறைய அதுதான்.

பொறிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாக இரண்டு செய்திகள். கூண்டுப் பொறி ஒரு பகைவரைப் பிடித்தபின், புதுக் கூண்டு வைக்கும்வரை பயன்படாது. ஆகையால் ஒரே வரிசையை நம்பாமல் பல வரிசைகளாக வையுங்கள். எல்லா வழிகளையும் அடைத்துவிட்டால் படை பெரும்பாலும் வெளியே சுற்றிக்கொண்டு நிற்கும். பொறிகள் நிறைந்த ஒரு வழியை மட்டும் திறந்துவிட்டால் அதிலேயே நடந்து வரும். வணக்கம்.