வெயிலே காணாத பவளம்

வணக்கம் நேயர்களே. பவள மோதிரம் போட்டிருப்பவர்கள் அதை ஒரு தரம் பாருங்கள். நகைக்குப் பேர்போன சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த குகைகளிலும் ஆழத்திலும் வளர்வது. மன்னார் வளைகுடாவின் பாறைப்பவளங்கள் உடம்புக்குள் பாசியைக் குடிவைத்து, வெயிலில் அது சமைப்பதைச் சாப்பிடுகின்றன. சிவப்புப் பவளத்துக்கு அந்த வசதி இல்லை.

அதைப்போல இருட்டில் வாழும் இன்னொன்று லோஃபீலியா. அறிவியல் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழையதுதான் வாயில் வருகிறது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு அப்பால், 300, 400 மீட்டர் ஆழத்தில் இது கட்டியிருக்கும் ரோஸ்ட் திட்டு சுமார் 35 கிலோமீட்டர் நீளம். குளிர்ந்த தண்ணீர், சூரியன் கிடையாது. மேலிருந்து உதிரும் துணுக்குகளையும் நீரோட்டம் அடித்துவரும் பொடி உயிர்களையும் பிடித்துத் தின்கிறது. அதனால்தான் ஓட்டம் வேகமாக உள்ள மேடாகப் பார்த்து உட்காருகிறது.

நார்வே மீனவர்களுக்கு இது பழைய சங்கதி. தூண்டிலில் மாட்டி வரும். திரோன்ட்ஹைம் ஆயர் குன்னெருஸ் 1768-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அப்புறம் நெடுங்காலம் ஆய்வு என்றால், இரும்புச் சட்டம் கட்டிய பையைக் கடலடியில் இழுப்பதுதான். வீட்டை இடித்துவிட்டுச் செங்கல்லை எண்ணுகிற வேலை.

1990-களில் ஆயிரங்கால் தூண்டில் போடுகிறவர்களும் செவுள் வலைக்காரர்களும் முறையிட்டார்கள். கடலடியில் பெரிய வலையை இழுத்துப்போகும் இழுவைமடிக் கப்பல்கள் பவளத்தை நொறுக்குகின்றன, அங்கே மீனும் குறைந்துவிட்டது என்றார்கள். நார்வேயின் கடலாய்வு நிறுவனம் ஒலியலை அனுப்பித் தரையை வரைந்தது. கேமரா பூட்டிய ரோபோவை வடத்தில் கட்டி இறக்கியது. சிதறிய பவளமும் மடி உழுத தடமும் படத்தில் விழுந்தன. சொன்னது சரிதான். 1999-இல் நார்வேயின் இன்னொரு பவளத் திட்டான சூலாவில் இழுவைமடிக்குத் தடை வந்தது. ரோஸ்ட் திட்டு 2002-இல் தெரியவந்தது. அடுத்த ஜனவரியிலேயே அங்கும் தடை.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், வயது. ஹவாய் அருகே எடுத்த ஒரு கருப்புப் பவளத்தின் வயதைக் கதிரியக்கக் கரிமத்தை வைத்துக் கணக்கிட்டு, 2009-இல் சொன்னார்கள்: சுமார் 4,265 ஆண்டுகள். லோஃபீலியாவின் தனிக் கிளை அவ்வளவு கிழம் இல்லை. ஆனால் அது நிற்பது செத்த கிளைகளின் குவியல்மேல். செத்ததன்மேல் புதியது, அதுவும் செத்தால் அதன்மேல் இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நார்வே திட்டுகளின் அடியில் கிடைத்த துண்டுகள் 8,000 ஆண்டுகளுக்கும் பழையவை. பனிப்பாளங்கள் விலகி அதிக காலம் ஆகாதபோது குடியேறியவை.