ஏழரைக் கட்டை இல்லாத பியானோ

வணக்கம் மக்களே. பின்னால் சடசடவென்று கேட்கிறதே, அது மைக் கோளாறு இல்லை. எங்கள் திண்ணைக்கு மேலே போட்ட தகரத்தில் விழுகிற ஐப்பசி மழை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நிற்கட்டும் என்று காத்திருந்தால் இந்த வீடியோ மாசியில்தான் வரும். அதனால் மழையோடேயே பேசுவோம்.

இன்றைக்கு சமையலும் இல்லை, திற்பரப்பு, முட்டம் என்று ஊர் சுற்றலும் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் பியானோ பக்கம் வந்த கதை. பியானோ என்று பெருமைக்குச் சொல்கிறேன். இதோ பாருங்கள், 61 கட்டை உள்ள கீபோர்டு. முழுப் பியானோ என்றால் 88 கட்டை, அதில் வெள்ளை 52, கறுப்பு 36. அது வைக்க இந்த வீட்டில் இடமும் இல்லை, என் கையில் காசும் இல்லை. தெருவில் ஒருவர் கல்ஃபிலிருந்து கொண்டு வந்ததை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். மகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். மகள் இரண்டு வாரம் வாசித்தாள், அப்புறம் அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

சின்ன வயதில் நான் ஐந்து வருஷம் பியானோ வகுப்புக்குப் போனவள். மூன்று கிரேடு தேர்வு பாஸ். சான்றிதழ்கள் அலமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரிந்தது தேர்வுக்குரிய பாட்டுகள் மட்டும்தான். அதுவும் எப்படி? இந்த விரலுக்குப் பின் இந்த விரல், இந்தக் கட்டைக்குப் பின் அந்தக் கட்டை என்று மனப்பாடம். நடுவில் ஒன்று தவறினால் அங்கிருந்து தொடரத் தெரியாது, தலையிலிருந்து ஓடி வர வேண்டும். பெருக்கல் வாய்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளை மாதிரி.

இந்த இடத்தில் மட்டும் ஏன் கறுப்புக் கட்டை என்று ஒரு நாள் கேட்டேன். "அப்படித்தான் எழுதியிருக்கு, வாசி" என்றார் டீச்சர். பென்சிலால் விரல் முட்டியில் ஒரு தட்டும் கிடைத்தது. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தது, வகுப்பு நின்றது. ஆறே மாதத்தில் ஒரு பாட்டுகூட விரலில் மிச்சமில்லை. பதினைந்து வயதில், நமக்கு இது வராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

முடிவை மாற்றியது பக்கத்து வீட்டுப் பாட்டா. பாட்டா என்றால் எங்கள் ஊரில் தாத்தா. எழுபத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் வில்லுப்பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர், கொடை விழாக்களில் விடிய விடிய உட்கார்ந்தவர். ஒரு சாயங்காலம் கடுங்காப்பி குடிக்க வந்தவர், மடித்து வைத்த துணியை எடுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு கீபோர்டைத் தடவிப் பார்த்தார்.

"மக்களே, இது நம்ம பெட்டிதானே" என்றார். (ஒரே ஆளைக் கூட நாங்கள் மக்களே என்றுதான் கூப்பிடுவோம், குழம்ப வேண்டாம்.) பிறகு வெள்ளைக் கட்டைகளில் விரல் வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. பொறவு மறுபடியும் ஒண்ணு. கறுப்பு எல்லாம் அரைக் கட்டை. ஒண்ணரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை. மூணரை கிடையாது, ஏழரையும் கிடையாது. ஏழரை மனுசனுக்குத்தான், பெட்டிக்கு இல்ல."

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்து வருஷம் படித்தும் எனக்குக் கிடைக்காத பதில் அது. கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புகிறேன், பாருங்கள். கறுப்பு இரண்டு சேர்ந்து நிற்கிறது, பிறகு மூன்று சேர்ந்து நிற்கிறது. இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை ஒன்றாம் கட்டை, ஆங்கிலத்தில் சி. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு இல்லை, ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் இல்லை. பாடுகிறவர்கள் "எனக்கு ஐந்தரைக் கட்டை" என்பது இந்தக் கணக்கைத்தான்.

இனி ஒரு சின்ன அளவு வைத்துக்கொள்வோம். கறுப்போ வெள்ளையோ, ஒட்டி இருக்கிற அடுத்த கட்டைக்குப் போவது ஓர் அடி. ஒன்றிலிருந்து இரண்டுக்கு நடுவில் கறுப்பு இருக்கிறது, அதனால் இரண்டு அடி. மூன்றிலிருந்து நாலுக்கு ஓர் அடிதான். ஒன்று தொடங்கி அடுத்த ஒன்று வரை வெள்ளையிலேயே நடந்தால் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. கூட்டினால் பன்னிரண்டு. இதுதான் மேஜர் ஸ்கேல். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் 29-ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம், சங்கராபரணம்.

சரி, இதில் என்ன பெரிய விஷயம்? இந்த நடையை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம், அதுதான் விஷயம். இரண்டாம் கட்டையில் தொடங்குகிறேன். இரண்டு அடி, மூன்றாம் கட்டை. இன்னும் இரண்டு அடி... பாருங்கள், நாலாம் கட்டையைத் தாண்டி நாலரைக்குப் போய்விட்டது. கறுப்பு! அடுத்து ஓர் அடி, ஐந்து. பிறகு ஆறு, ஏழு, அங்கிருந்து இரண்டு அடி, ஒன்றரை. மறுபடியும் கறுப்பு. கடைசி ஓர் அடியில் வீடு வந்தாச்சு. அன்றைக்கு நான் கேட்ட "ஏன் கறுப்பு" என்பதற்கு விடை இவ்வளவுதான். யாரோ எழுதி வைத்ததால் அது கறுப்பு இல்லை. நடை அங்கே கொண்டுபோய் விடுகிறது, அதனால் கறுப்பு.

பன்னிரண்டு இடங்களிலும் ஒரே நடை செல்லுபடியாவதற்குக் காரணம், கீபோர்டில் எல்லா அடிகளும் ஒரே அளவாக வெட்டப்பட்டிருப்பதுதான். நடுவிலுள்ள ஆறாம் கட்டை நொடிக்கு 440 அதிர்வு. பன்னிரண்டு அடி ஏறினால் 880, சரியாக இரட்டிப்பு. இடையிலுள்ள ஒவ்வோர் அடியும் முந்தியதைப் போல் 1.059 மடங்கு சொச்சம். கணக்குப் பிடிக்காதவர்கள் இதை விட்டுவிடலாம், எனக்குப் பிடித்தது, சொன்னேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. அம்மா ரேந்தை, அதாவது லேஸ், பின்னுகிறவள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் மிஷனரி மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை, இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கிறது. தலையணை மேல் ஓட்டை போட்ட அட்டை, அதில் குண்டூசிகள், நூல் சுற்றிய குச்சிகள். பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். "குறுக்கே போடணும், முறுக்கணும். ரெண்டே ரெண்டு வேலைதான். பூவும் இலையும் அதுலதான் வருது" என்றாள். ஸ்கேலிலும் ஓர் அடி, இரண்டு அடி, அவ்வளவுதானே! அம்மா நூலை எண்ணுவதே இல்லை. பூ எங்கே திரும்புகிறது என்று மட்டும் பார்ப்பாள். நான் ஐந்து வருஷம் நூலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது ஒரு வேடிக்கை. வெள்ளையைத் தொடவே வேண்டாம், கறுப்பு மட்டும். நாலரையில் தொடங்கி ஐந்தரை, ஆறரை, ஒன்றரை, இரண்டரை, மேல் நாலரை. கேளுங்கள்... மோகனம்! அதே ஐந்து கறுப்பு, ஆனால் ஐந்தரையை வீடாக வைத்துக்கொண்டால் மத்யமாவதி. ஆறரையிலிருந்து தொடங்கினால் இந்தோளம். ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி, இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. ஒரு கட்டைகூட மாறவில்லை, ஷட்ஜம், அதாவது தொடக்கச் சுரமான ஸ, மட்டும் வீடு மாறுகிறது. கிரகபேதம் என்பார்கள். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்த ஐந்தையும் சுற்றிச் சுற்றி வாசித்தேன். கணவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

சங்கீதக்காரர்கள் கம்பு எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: இது ராகம் இல்லை, ராகத்தின் எலும்புக்கூடு. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, இல்லாமல் ராகம் ஏது? இந்தக் கட்டை அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே நிற்கும், வளையாது. ஆனால் எலும்புக்கூட்டைப் பார்த்ததில்தான் எனக்கு பயம் போனது.

அடுத்து இடது கை. முன்பு கோர்டு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து அழுத்துவது, என்றாலே எனக்கு ஒரு பட்டியல்தான் நினைவுக்கு வரும், சி-க்கு இது, எஃப்-க்கு இது என்று. இப்போது இப்படிப் பார்க்கிறேன். ஒன்றில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 1-3-5. நாலில் தொடங்கினால் 4-6-1. ஐந்தில் தொடங்கினால் 5-7-2. எண்களைச் சேர்த்துப் பாருங்கள், ஒன்று முதல் ஏழு வரை எல்லாமே வந்துவிட்டது. அதாவது வெள்ளைக் கட்டையில் பாட்டு எந்தச் சுரத்தில் நின்றாலும் இந்த மூன்றில் ஒன்று கீழே தாங்கிப் பிடிக்கும். சபையில், அதாவது சர்ச்சில், பாடுகிற பாதிப் பாட்டுக்கு இந்த மூன்று போதும். ஐந்தாம் சுரம் இரண்டு கோர்டில் இருக்கிறதே, எதைப் போடுவது? காதைக் கேளுங்கள். தப்பானது முகம் சுளிக்க வைக்கும்.

கை எங்கும் தாவவும் வேண்டாம். 1-3-5 பிடித்திருக்கிறேன். ஒன்று அப்படியே இருக்கட்டும், மற்ற இரண்டு விரல்களும் ஒரு வெள்ளை ஏறினால் 1-4-6, நாலாவது கோர்டு வந்துவிட்டது. மறுபடியும் 1-3-5. இப்போது ஐந்து அப்படியே இருக்க, கீழ் இரண்டும் ஒரு வெள்ளை இறங்கினால் 7-2-5. ஒரு கோர்டிலிருந்து இன்னொன்றுக்குக் கையைத் தூக்கித் தொப்பென்று போட்டுக்கொண்டிருந்தவள் நான். இதைக் கண்டுபிடித்த அன்று உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயமும் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

புரிந்துவிட்டால் விரல் தானாக வாசித்துவிடுமா? வாசிக்காது. மோதிர விரல் பக்கத்து விரல்களோடு தசைநாரால் பிணைந்தது, தனியாகத் தூக்கச் சொன்னால் அழும். எஃப் ஸ்கேலில், அதாவது நாலாம் கட்டையில் தொடங்கும் நடையில், நாலாவது இடத்தில் கறுப்பு வருவதால் வலது கட்டை விரலை மூன்றுக்குப் பதில் நாலு விரல் தாண்டித்தான் அடியில் விட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம், விரலுக்குச் சொல்லிப் புரியவைக்க மூன்று வாரம். இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு இருபது நிமிஷம், அதற்கு மேல் என்னால் முடியாது. ஆனால் இப்போது தவறினால் தலையிலிருந்து ஓடி வருவதில்லை. எங்கே நிற்கிறேன், வீடு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று தெரிகிறது. அங்கிருந்தே நடக்கிறேன்.

ஒரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் குவைத் போய்விட்டார். பாடகர் குழுப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்றாம் கட்டையில் நிதானமாகத் தொடங்கினேன். பாட்டின் இரண்டாம் வரியிலேயே, மேல் குரலில் பாடுகிற சோப்ரானோ அக்காமார் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள், ஆண்கள் வரிசையில் இருமல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதற்கு முன் வாசித்தவர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் பிளஸ் மூன்றில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றை அழுத்தினால் இரண்டரை கேட்கிறது. இங்கே பலர் எல்லாப் பாட்டையும் சி-யில் வாசித்து, சுதியை அந்தப் பட்டனால்தான் மாற்றுகிறார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு அது புண்ணியம். ஆனால் பாட்டாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்ப பட்டன் இல்லாத பெட்டி கிடைச்சா என்ன செய்வ, மக்களே?"

வருகிற ஞாயிறு வாசிக்க வேண்டிய பாட்டுக்கு ஐந்தரைக் கட்டை வேண்டுமாம். எண்ணிப் பார்த்தேன், ஐந்தரை, ஆறரை, ஒன்றரை, இரண்டரை என்று நாலு கறுப்பு. இடது கை இன்னும் தடுமாறுகிறது. இதோ, இந்த மூலையில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது அம்மா பின்னிய ரேந்தைத் துண்டு. அதற்கு அடியில்தான் ட்ரான்ஸ்போஸ் பட்டன். ஞாயிறு வரை அது மூடியே இருக்கும். சரி மக்களே, மழை குறைந்த மாதிரி இருக்கிறது, நான் ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறேன்.