கம்சட்கா: ஆளில்லாக் காட்டில் வெடித்த மலை

நண்பர்களே, ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில், ஒரு பக்கம் ஒகோட்ஸ்க் கடலும் மறுபக்கம் பசிபிக்கும் சூழ, ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது கம்சட்கா தீபகற்பம். இன்றும் ரஷ்யாவின் பிற பகுதிகளிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான். இதெல்மென், கோரியாக் மக்களின் மண் அது. 1697-இல் அத்லாசோவ் தலைமையில் ரஷ்ய அரசின் போர்வீரர்களான கொசாக்குகள் வந்தார்கள், விலங்குத் தோலை வரியாகக் கேட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் சண்டையும் அம்மையும் இதெல்மென் மக்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டன. எரிமலைகளின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

சரி, அங்கே ஏன் இத்தனை எரிமலைகள்? பூமியின் மேலோட்டில் ஒரு பெரும் துண்டான பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வேகத்தில் கம்சட்காவுக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறது. ஆழத்தில் அது வெளிவிடும் நீர், மேலே உள்ள சூடான பாறையை உருகவைக்கிறது. உயிருள்ள எரிமலைகள் மட்டும் 30 அளவில் உண்டு. அவற்றில் மிக உயரமானது 4,750 மீட்டர் உயரமுள்ள க்ளூச்செவ்ஸ்காயா.

ஆனால் உலகத்துக்குப் பாடம் சொன்னது பக்கத்திலிருக்கும் பெஸிமியான்னி. அணைந்துபோன மலை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1955 இலையுதிர் காலத்தில் நிலம் அதிர்ந்தது, சாம்பல் வந்தது, மலையின் ஒரு பக்கம் வீங்கியது. 1956 மார்ச் 30 அன்று அந்தப் பக்கம் சரிய, வெடிப்பு முதலில் மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்தது. 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் மரங்கள் சாய்ந்தன. அருகே ஊர் இல்லாததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையும் இதேபோல் வெடித்தபோதுதான், பெஸிமியான்னி காட்டியது என்ன என்பது உலகுக்கு முழுதாக விளங்கியது. 1975-இல் கம்சட்காவின் இன்னொரு எரிமலையான தோல்பாச்சிக் வெடிக்கப்போவதை, சிறு அதிர்வுகளை வைத்தே தோக்கரேவ் என்ற ஆய்வாளர் முன்கூட்டிச் சொன்னார். கவனித்துக்கொண்டே இருந்ததன் பலன் அது.

கவனிக்காததன் விலை 1952-இல் தெரிந்தது. 9.0 அளவு நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி, தீபகற்பத்துக்குத் தெற்கே தீவிலிருந்த செவெரோ-குரில்ஸ்க் நகரைத் துடைத்துப் போட்டது. எச்சரிக்கை எதுவும் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தியைக்கூட அரசு மறைத்தது. 2004-இல் நம் கரைக்கு வந்த அலையும் இப்படித் தட்டு செருகும் இடத்தில் பிறந்ததுதான் என்பதால், இதைப் படிக்கும்போது எனக்கு மனம் பதறும். 1952 அழிவுக்குப் பிறகுதான் கம்சட்காப் பகுதியில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு வந்தது. 2025 ஜூலை 30 அன்று அதே பகுதியில் 8.8 அளவு நிலநடுக்கம். செவெரோ-குரில்ஸ்க் மக்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். துறைமுகத்துக்குள் கடல் புகுந்தது. ஊரில் யாரும் சாகவில்லை.