கூச்சக்காரப் பிள்ளைக்கு ஊர்சுற்றி நண்பர்

நடுவர் அவர்களே, கடலூர் பெருமக்களே, வணக்கம். கூச்சப்படும் பிள்ளையை மலர வைப்பது கோடை முகாமா, ஊர்சுற்றிப் பெரியவரின் நட்பா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எதிரணி ஆசிரியை அம்மா முகாமுக்காக அழகாகவே பேசினார். மேடை உண்டு, மைக் உண்டு, கடைசி நாளில் சான்றிதழும் உண்டாம். சரி. நாலு பேர் பார்த்தாலே நடுங்குகிற பிள்ளையை நாற்பது பேர் முன்னால் நிறுத்தினால் கூச்சம் போகுமா, காய்ச்சல் வருமா?

நான் முதுநகர் துறைமுகத்துப் பக்கத்துக்காரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூட விடுமுறையும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பலகை மாற்றுவது, இன்ஜின் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது என்று எல்லா வேலையும் அப்போதுதான். படகுக்குப் பேர் எழுத ஓர் ஓவியர் வருவார். கல்யாணம் காட்சி கிடையாது. ஒரு துணிப்பை, ஒரு பழைய டிவிஎஸ் வண்டி. கூலி கையில் விழுந்ததும் பாதியை அங்கே நிற்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே கரைத்துவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்பார் எங்கம்மா. அந்த டீயெல்லாம் எங்கம்மா கடையில்தான் போகும் என்பது வேறு விஷயம்.

என் அக்கா மகன் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவான். வருகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. "பேர் என்ன, எத்தனாவது படிக்கிற, வாயில என்ன கொழுக்கட்டையா?" ஓவியர் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. கடை வாசலில் நின்றவனிடம், "தம்பி, இந்த நூலை இப்படிப் பிடி" என்றார்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சுண்ணாம்புத் தூள் தடவிய நூலின் ஒரு முனையைப் பையன் பிடித்தான். மறுமுனையை இழுத்துப் பிடித்து, நடுவில் அவர் ஒரு சுண்டு சுண்டினார். பலகையில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை, கோட்டைப் பார்த்தால் போதும். கூச்சக்காரப் பிள்ளைக்கு வேண்டியது அதுதான் நடுவர் அவர்களே. முகாமில் எல்லார் கண்ணும் பிள்ளை மேலேயே இருக்கிறது!

அப்புறம் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசித் தருவதும் அவன் வேலையாயிற்று. ஒருநாள் ஓவியர் பாட்டுப் பாடிக்கொண்டே வேளாங்கண்ணி என்று எழுதுகிறார், கடைசி எழுத்தில் சுழி குறைகிறது. பின்னாலிருந்து ஒரு குரல்: "மாமா, அங்க மூணு சுழி." வீட்டுக்கு வெளியே அவன் தானாக வாய் திறந்ததை அன்றைக்குத்தான் நாங்கள் கேட்டோம். அவர் பாராட்டவில்லை, கைதட்டவில்லை. பழைய லுங்கித் துணியால் எழுத்தைத் துடைத்துவிட்டு, "நீயே போடு" என்று பிரஷ்ஷை நீட்டினார். கொஞ்சம் கோணல்தான். அந்தப் படகு அந்தக் கோணல் எழுத்தோடுதான் கடலுக்குப் போனது.

முன்பின் தெரியாத ஆளை நம்பிப் பிள்ளையை விடுவதா என்று எதிரணி கேட்டது. சிரித்துத் தள்ளுகிற கேள்வி இல்லை இது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க, 2012-இல் போக்சோ சட்டம் கொண்டுவர வேண்டியிருந்த நாடு நம்முடையது. அதனால்தான் பாட்டியின் கண்ணுக்கு முன்னால், பத்துப் பேர் நடமாடுகிற இடத்தில் நடந்த நட்பைச் சொல்கிறேன். மறைவாக வா என்று கூப்பிடுகிறவர் நண்பரே இல்லை. இந்த எச்சரிக்கை முகாமுக்கும் வேண்டும், அம்மா. அடையாள அட்டை மாட்டியவரெல்லாம் உத்தமர் ஆகிவிட மாட்டார்.

ஜூனில் போய்விடுகிற மனுஷனால் என்ன லாபம் என்றும் கேட்டார்கள். உண்மைதான், அவர் நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார், பையன் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்பில் இன்னமும் கை தூக்குவதில்லை. ஆனால் போனவரோடு எல்லாம் போய்விடுமா?

1908-இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி, நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரிக்குப் பாடிக் காட்டினார், கதை பேசினார். யதுகிரி கூச்சக்காரி என்று நான் சொல்லவில்லை, எதிரணி குறித்துக்கொள்ளட்டும். தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டு அக்கம்பக்கத்தை அதிர வைத்த பாரதியை, பொறுப்பான பெரியவர் என்று அன்றைக்கு எத்தனை பேர் ஒப்புக்கொண்டிருப்பார்கள்? அவரும் 1918-இல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியவர்தான். பிரெஞ்சு எல்லை தாண்டி ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்குள் வந்ததும் கைதாகி, இதே கடலூர்ச் சிறையில் இருந்தார். யதுகிரியோ வளர்ந்த பிறகு, அவர் நினைவுகளை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பு எங்கள் அணிக்கே வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.