நிரலாக்கம் கற்றால் சிந்தனைத் திறன் வளருமா? ஓர் ஆசிரியரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்த ஆசிரியர் ஒருவர் இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். பள்ளியில் நிரலாக்கம், அதாவது கணினிக்கான கட்டளைகளை எழுதும் கலை, கற்கும் பிள்ளைகளுக்குக் கணக்கும் பொதுவான சிந்தனைத் திறனும் தானாகவே மேம்படும் என்கிறார்களே, அதற்கு ஆய்வுச் சான்று உண்டா என்பது முதல் கேள்வி. கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச் போன்ற மென்பொருளில் தொடங்குவதா, எடுத்த எடுப்பிலேயே, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பைத்தான் மொழியில் எழுதப் பழக்குவதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கே அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இரண்டாவதற்கான விடையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இந்த நம்பிக்கை புதியதன்று. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொயர்சைக் ஆகியோர் 1967ஆம் ஆண்டில் குழந்தைகளுக்காக லோகோ என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் சேர்ந்த, நகர்ந்து கோடு வரையும் 'ஆமை'க்குக் கட்டளையிட்டுக் கோலம் வரையும் குழந்தை, வடிவியலோடு சேர்த்துத் தன் சிந்தனையைத் தானே ஆராயும் பழக்கத்தையும் பெறும் என்று பேப்பர்ட் உறுதியாக நம்பினார். ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். லோகோ கற்ற குழந்தைகளுக்கும் கல்லாத குழந்தைகளுக்கும் அவர்கள் கொடுத்தது கணினி வேலை அன்று. வகுப்பறையில் செய்ய வேண்டிய பல சிறு வேலைகளை எந்த வரிசையில் செய்தால் நடை மிச்சமாகும் என்று திட்டமிடும் பணி. லோகோ கற்றவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை என்று 1984ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு பலருக்கும் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. டேவிட் கிளார், ஷாரன் கார்வர் இருவரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்களும் லோகோவைத்தான் கற்பித்தார்கள். ஆனால் பிழையைக் கண்டுபிடிக்கும் முறையை மாணவர்களின் ஊகத்துக்கு விடாமல், எதிர்பார்த்த விளைவுக்கும் கிடைத்த விளைவுக்கும் என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டை எந்த வகைப் பிழை உண்டாக்கும், அது நிரலின் எந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்று படிப்படியாக, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிக் கற்ற குழந்தைகள், பொருள்களை அடுக்குவது, வழியறிந்து செல்வது போன்ற, கணினியோடு தொடர்பே இல்லாத எழுத்துக் குறிப்புகளில் இருந்த பிழைகளையும் முன்னைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். எந்தத் திறன் வேறொரு துறைக்குக் கடந்து செல்ல வேண்டுமென்று விரும்புகிறோமோ, அந்தத் திறனையே கற்பிக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் உணர முடிகிறது.

பிற்காலத்தில் ஷேரர், சித்திக், விவெரோஸ் ஆகிய மூவரும் 105 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நிரலாக்கம் கற்றதால் ஏற்பட்ட சராசரி விளைவு, திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) ஏறத்தாழப் பாதி. நிரலாக்கத்தையே சோதித்த தேர்வுகளில் விளைவு அதே அளவுகோலில் 0.75 ஆகவும், பிற திறன்களைச் சோதித்தவற்றில் 0.47 ஆகவும் இருந்தது. கணக்கிலும் படைப்பாற்றலிலும் பயன் தென்பட்டது, மொழித்திறனில் தென்படவில்லை. ஆகவே சான்று உண்டு. ஆனால் அது எல்லாத் திறன்களுக்கும் ஒரே அளவில் இல்லை. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை என்பதால், பெற்றோரிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது.

இனி வகுப்பறைக்குள் வருவோம். இந்த மூன்று வரிகளைப் பாருங்கள். முதல் வரி: அ = 5. இரண்டாவது வரி: ஆ = அ. மூன்றாவது வரி: அ = 7. இப்போது ஆ என்பதன் மதிப்பு என்ன? விடை 5. ஆனால் 7 என்று சொல்லும் மாணவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். கணக்குப் பாடத்தில் சமக்குறி என்பது இரு பக்கமும் என்றென்றும் சமம் என்று பொருள்படுவதால், அ மாறினால் ஆவும் மாறத்தானே வேண்டும் என்று ஒழுங்காகவே சிந்திக்கிறார்கள். இங்கே அந்தக் குறி, வலப்பக்க மதிப்பை அந்தக் கணத்தில் எடுத்து இடப்பக்கத்தில் வை என்னும் கட்டளை என்பதை யாராவது சொன்னாலன்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதேபோல், ஒரு மாறிக்கு, அதாவது அ, ஆ போல மதிப்பை வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் 'பெரியது' என்று பெயர் வைத்துவிட்டால், பெரிய எண்ணைக் கணினியே தேடி அதில் வைத்துவிடும் என்று நம்பும் மாணவரும் உண்டு. கணினிக்குள் தம் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் மனம் ஒன்று மறைந்திருப்பதாகத் தொடக்கநிலை மாணவர்கள் நினைப்பதே பல பிழைகளுக்கும் வேர் என்று, முன்பு குறிப்பிட்ட அதே ராய் பீ 1986ஆம் ஆண்டில் எழுதினார்.

இத்தகைய தவறான புரிதல்கள், எழுதச் சொல்வதற்கு முன் படிக்கச் சொன்னால்தான் வெளியே வருகின்றன. சூ சென்டன்ஸ் முதலியோர் உருவாக்கிய பிரிம் என்னும் முறையில், மாணவர் ஒரு நிரலைப் பார்த்து அது என்ன செய்யும் என்று முதலில் கணிக்கிறார், பிறகுதான் இயக்குகிறார், அதன் பகுதிகளை ஆராய்ந்து, சிறிது மாற்றிப் பார்த்து, இறுதியில் சொந்தமாக ஒன்றை எழுதுகிறார். 11 முதல் 14 வயது வரையுள்ள 493 மாணவர்கள் 8 முதல் 12 வாரங்கள் இம்முறையில் கற்றபோது, வழக்கமான முறையில் கற்றவர்களைவிடத் தேர்வில் முன்னிலை பெற்றார்கள். கணிப்பு தவறும்போது எழும் 'ஏன்?' என்ற கேள்வி அந்த மாணவரே எழுப்பிக்கொண்ட கேள்வி என்பதால், அதற்கான விளக்கம் அவர் மனத்தில் நிற்கிறது.

ஸ்கிராட்சா, பைத்தானா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். டேவிட் வெய்ன்ட்ராப், யூரி விலென்ஸ்கி இருவரும் உயர்நிலைப் பள்ளியில் கட்டங்களில் கற்ற வகுப்பையும் தட்டச்சு செய்து கற்ற வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஐந்து வார முடிவில் கட்டங்களில் கற்றவர்கள் முந்தியிருந்தார்கள். அதன்பின் இரு வகுப்புகளும் தட்டச்சு செய்யும் ஜாவா மொழிக்கு மாறிப் பத்து வாரம் கற்ற பிறகு அந்த இடைவெளி மறைந்துவிட்டது. தட்டச்சுப் பிழைகளால் சோர்ந்துபோகக்கூடிய இளம் மாணவர்களுக்குக் கட்டங்களில் தொடங்குங்கள். ஆனால் ஆ என்பதன் மதிப்பு 7 என்று நினைக்கும் மாணவர், கட்டங்களிலும் அப்படியேதான் நினைப்பார்.

கேள்வி அனுப்பிய ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் அந்த மூன்று வரிகளைக் கரும்பலகையில் எழுதி, கணினியைத் தொடாமல், ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அ, ஆ இரண்டின் மதிப்பையும் அட்டவணையாகத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 7 என்று எழுதியவர்களை உடனே திருத்தாமல், எப்படி வந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை அப்படியே குறித்து எனக்கு அனுப்பினால், அவற்றை வைத்தே அடுத்த விளக்கத்தைத் தொடங்குகிறேன்.